புது இஞ்சின் மிச்சம் பிடித்த பெட்ரோல்

"புது இஞ்சின் ஜீப்பு, உன் பழசு குடிச்ச பெட்ரோல்ல பாதிகூடக் குடிக்கல. மீதியை நீதானடா வித்த?"

சாத்தம் படகுத்துறையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்த பழைய டிரைவர் ஜம்புலிங்கத்தை மறித்துக் கேட்டார் காண்ட்ராக்டர் கோவிந்தராஜ்.

புது டிரைவர் நஜிமுதீன் குறுக்கிட்டான். "இஞ்சின் மட்டும் இல்ல சாப். அக்கரையில பாம்பூஃப்ளாட்லயே ஜீப்பைப் படகுல ஏத்திடுறேன். ரோட்டுல வந்தா தீவையே சுத்தணும்."

கோவிந்தராஜ் ஜம்புலிங்கம் பக்கம் திரும்பினார். "நீ ஓட்டினப்ப எப்படிடா வந்த?"

ஜம்புலிங்கம் ஜீப்பின் பின்சீட்டைப் பார்த்தான். "நானும் படகுலதான் சாப். பெட்ரோலை வித்துட்டேன்."

பின்சீட்டில் கோவிந்தராஜின் மனைவி மரகதம் தலை குனிந்துகொண்டாள். கடல் பயம் தெரிந்தால் கணவர் அக்கரையில் பார்க்கும் நர்ஸ் வேலையை விடச் சொல்வாரென்று, ஜம்புலிங்கத்திடம் ரகசியமாக ரோட்டு வழியே கூட்டிப்போகச் சொன்னவள் அவள்தான்.

இப்போதும் அவள் வாய் திறக்கவில்லை.