செவிட்டுச் சாமி

“ஆளைத் துரத்தினதும் நீங்க, அஞ்சலி சொல்றதும் நீங்களா?”

சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்த மருந்துக் கடைக்காரரின் கை அப்படியே நின்றது. கேட்டது வேறு யாருமில்லை, மனைவிதான்.

“நானா துரத்தினேன்? பங்குப் பேரவைச் செயலாளர்னா நாலு பேர் சொல்றதை ஆயர்கிட்ட சொல்லணும். சொன்னேன். காது கேக்காத மனுஷரை வச்சுக்கிட்டு ஒரு கோயிலை நடத்த முடியுமா?”

அவர் சொன்னதிலும் நியாயம் இல்லாமல் இல்லை. போன வாரம் கண்ணை மூடிய பாதிரியார், பெரிய சாமி, பழைய காலத்து மனிதர். மக்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு லத்தீனில்தான் பூசை வைப்பார். அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். “கூரை ஒழுகுது சாமி” என்றால், “ஆமாமா, நல்லாத்தான் பாடினாங்க” என்பார். காதுக்குக் கருவி வாங்கிக் கொடுத்தார்கள். அது பத்திரமாக அங்கிப் பைக்குள் கிடந்தது.

காது டாக்டரிடம் கூட்டிப்போனவரும் மருந்துக் கடைக்காரர்தான். “சத்தம் கேட்டா கையைத் தூக்குங்க” என்று எழுதியே காட்டினார் டாக்டர். கடைசிவரை சாமியின் கை மடியை விட்டு எழும்பவில்லை.

அப்புறம் என்ன? ஓய்வு என்று சொல்லி, முதிய குருக்கள் இல்லத்துக்கு அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து கோயிலில் பாதிப் பேர் மருந்துக் கடைக்காரரிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மனைவியும் அந்தப் பாதியில் சேர்த்தி.

இன்றைக்கு அஞ்சலிக் கூட்டத்தில் நாலு வார்த்தை நல்லவிதமாகப் பேசி, அந்தக் கெட்ட பெயரைத் துடைத்துவிட வேண்டும். அந்த நினைப்போடுதான் கிளம்பினார்.

மண்டபத்தில் முன்வரிசையில் சாமியின் தங்கை தனியாக உட்கார்ந்திருந்தார். வெளியூரிலிருந்து வந்தவர். தேநீரைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார் மருந்துக் கடைக்காரர்.

“அண்ணன் பேரைச் சொன்னாலே எல்லாரும் அழறாங்க. அப்படி இருந்தவரை ஏன் தம்பி அனுப்பினீங்க? அவரைக் கேட்டா, வயசாச்சும்மான்னு மழுப்பிட்டார்.”

“காதுதாம்மா. சுத்தமா கேக்காதே.”

“யாருக்கு?”

“சாமிக்கு.”

அந்த அம்மா அவரை ஒரு மாதிரி பார்த்தார். “என்ன தம்பி சொல்றீங்க? வாராவாரம் போன்ல பேசுவோம். பேரன் தூங்குவான்னு நான் குசுகுசுன்னுதான் பேசுவேன். ஒரு வார்த்தை விடாம பதில் சொல்வார். உன் அடுப்புல பால் பொங்குது பாருன்னு அவர்தான் எனக்குச் சொல்வார்.”

மருந்துக் கடைக்காரருக்குச் சுர்ரென்று ஏறியது. அடப்பாவி மனுஷா. எனக்கு, டாக்டருக்கு, ஆயருக்கு, எல்லார் காதிலும் பூ சுத்திவிட்டாரே. மைக் கைக்கு வரட்டும், ஊரறியச் சொல்லிவிட்டுத்தான் மறுவேலை. தப்பு யார் பேரில் என்று எல்லோருக்கும் தெரியட்டும்.

அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அங்க போனப்புறம் தனியா அறையிலதான் பூசை வச்சார். ‘ஆசீர் குடுக்கத் திரும்பினா யாருமே இல்லம்மா’ன்னு ஒருநாள் சின்னப் பிள்ளையாட்டம் அழுதார்.”

அதற்குள் மனைவி வந்து அவரை மேடையோரம் இழுத்துக்கொண்டு போனாள்.

“மேடையில அந்தக் காதைப் பத்திப் பேசாதீங்க. கிண்டலாப் போயிடும்.”

“காது கேக்காதவர்கிட்ட போய் உன் பாவத்தையெல்லாம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணினியே, என்ன புண்ணியம்?”

“கேக்காதுன்னுதான் போனேன். நம்ம மூத்தது போனப்ப மனசுல என்னென்னவோ இருந்துச்சு. உங்ககிட்ட சொல்ல முடியுமா, எங்கம்மாகிட்ட சொல்ல முடியுமா? அந்தப் பாவசங்கீர்த்தனத் தொட்டிக்குள்ள மண்டி போட்டு எல்லாத்தையும் கொட்டிட்டு வருவேன். எல்லாருக்கும் குடுக்கற அதே மூணு செபத்தை எனக்கும் குடுப்பார். அதுக்கப்புறம்தான் எனக்குச் சோறே இறங்குச்சு. அவருக்கு மட்டும் கேட்டிருந்தா, நான் இன்னிக்குத் தலை நிமிர்ந்து நடக்க முடியாது. நான் மட்டுமா? அங்க வரிசையில நின்ன ஒருத்தராலயும் முடியாது.”

“இப்ப யார்கிட்ட போறே?”

“யார்கிட்டயும் போறதில்ல. புதுசா வந்த சின்ன சாமிக்குத்தான் நல்லா கேக்குமே.”

மேடையிலிருந்து செயலாளரைக் கூப்பிட்டார்கள்.

படியேறும்போது அவருக்குக் காது டாக்டரின் அறை ஞாபகம் வந்தது. ஒரே ஒரு தடவை அந்தக் கை எழும்பியிருந்தால் போதும். கோயிலும் பூசையும் சாமியிடமே இருந்திருக்கும். தொட்டிக்குள் அழுதவர்களின் மானம்தான் போயிருக்கும். இப்படியும் ஒரு மனிதரா என்று இருந்தது.

மைக்கைப் பிடித்தார். எதிரே மனைவி. அவளுக்குப் பின்னால், அந்த வரிசையில் நின்ற அத்தனை முகங்களும்.

“என்மேல பல பேருக்கு வருத்தம். இருந்துட்டுப் போகட்டும். டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனவன் நான், அதனால உறுதியாச் சொல்றேன். நம்ம சாமிக்குப் பக்கத்துல இடி விழுந்தாலும் கேக்காது.”

முன்வரிசையில் தங்கை எதையோ சொல்ல வாயெடுத்தார். மருந்துக் கடைக்காரரின் முகத்தைப் பார்த்தார். மெதுவாக வாயை மூடிக்கொண்டார்.

பின்வரிசையில் யாரோ பல்லைக் கடித்தார்கள். “செத்தப்புறமும் அந்த மனுஷரைச் செவிடன்னு சொல்றான் பாரு. ஈவு இரக்கம் இருக்கா இவனுக்கு?”

மருந்துக் கடைக்காரருக்கு அது தெளிவாகவே கேட்டது. கேட்காதவர் மாதிரி மைக்கைக் கொடுத்துவிட்டு இறங்கினார்.