காகம் வராத சனிக்கிழமை

மூன்றாவது தடவை வைத்த எள்ளுச் சோற்றையும் அணில்தான் தின்றது.

தங்கத்துரை விளக்குமாற்றை ஓங்கிக்கொண்டு ஓடினார். அது பின்மதிலின் மறுமுனை வரைக்கும் போய், திரும்பி உட்கார்ந்து, இரண்டு கையாலும் பருக்கையைப் பிடித்து அவரைப் பார்த்துக்கொண்டே தின்றது. இப்படியொரு திமிர் பிடித்த சீவனை அவர் தன் அறுபத்தேழு வயதில் கண்டதில்லை.

நேரம் ஒன்றேகால்.

புரட்டாதியின் கடைசிச் சனிக்கிழமை. காகம் வந்து சோற்றில் வாய் வைத்தால்தான் விரதக்காரி சாப்பிடலாம். விரதக்காரி அவருடைய மனைவி புஸ்பராணி. சனி பிடித்திருப்பதோ அவருக்கு. அவருடைய சனிக்கு அவள் பட்டினி.

குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சீனி வருத்தம். விரதத்தை மறந்து காலையில் வழக்கம்போல மருந்துக் குளிசையை விழுங்கிவிட்டாள். இப்போது நெற்றி வியர்த்து, மடியில் கிடந்த விரல்கள் நடுங்கத் தொடங்கியிருந்தன. சீனித்தண்ணீர் கரைத்துக் கொடுத்தார். தொடவில்லை.

“அணிலும் ஒரு சீவன்தானேயப்பா,” என்றார். “ரெண்டு வாய் நீர் சாப்பிடும்.”

“சனீஸ்வரன் அணில்லயோ வாறவர்?”

அவர் நாலாவது இலையை அறுக்கப் போனார்.

துறைமுகத்தில் முப்பத்தொரு வருடம் கப்பலிலிருந்து இறங்கும் சீமெந்து மூட்டைகளை எண்ணியவர் அவர். ஓய்வு பெற்றதும் எண்ண ஒன்றுமில்லாமல் கை அரித்தது. கொல்லையில் சிரட்டைகளைக் கட்டித் தொங்கவிட்டு, குறுணல் அரிசி போட்டு, வருகிற குருவிகளை எண்ணிக் கொப்பியில் எழுதத் தொடங்கினார். புலுனி ஒன்பது. மைனா ஆறு. சிட்டு நாலு.

அந்த அரிசியில் பாதியை அணில்கள் தின்றன. கயிற்றில் கிறீஸ் பூசினார். தகரம் சுற்றினார். மிளகாய்த்தூள் தூவினார். மிளகாய்த்தூளோடு சேர்த்துத் தின்றன. கடைசியில், அவை இறங்கி வருவது பக்கத்து வீட்டுக் கொய்யாக் கிளை வழியாக என்று கண்டுபிடித்து, ஆமினா உம்மாவிடம் ஒரு சொல் கேளாமல் அந்தக் கிளையை வெட்டிப் போட்டார். காய் பிடித்திருந்த கிளை.

அதோடு பேச்சு முறிந்தது. பதினெட்டு வருடமாக மதிலுக்கு மேலால் கறிக்கிண்ணம் போய்வந்த இரண்டு வீடுகள், நாலு மாதமாக முகம் பார்ப்பதில்லை. இனி அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தால் தன் பெயர் தங்கத்துரை இல்லை என்று அவர் சத்தியமும் செய்திருந்தார். அணில்களுக்கு அந்த ரோசமெல்லாம் கிடையாது. மின்கம்பி வழியாக வந்தன.

நாலாவது இலையை வைத்துவிட்டுக் காகங்களை எண்ணினார். தன் மதிலில் ஒன்றுகூட இல்லை. ஆமினா உம்மாவின் தென்னையிலும் கூரையிலுமாகப் பதினாலு.

எட்டிப் பார்க்காமலே காரணம் தெரிந்தது. மீன் வாடை, கூடவே வளையல் சத்தம். அவளுடைய புது மருமகள் பஸ்மியா, மூதூரிலிருந்து வந்து ஒரு மாதம்கூட ஆகாதவள், கிணற்றடியில் சூரை மீன் வெட்டுகிறாள். சூரைக் குடல் கிடைக்கும்போது எந்தக் காகம் எள்ளுச் சோற்றுக்கு வரும்? சனீஸ்வரனே வந்தாலும் அந்தப் பக்கம்தான் இறங்குவார்.

வேண்டுமென்றே செய்கிறாள் கிழவி என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிளைக்குப் பழி. போன மூன்று சனியும் இலையை வைத்து நிமிர்வதற்குள் காகம் வந்து நின்றதே. இத்தனை வருடமும் அப்படித்தான். புஸ்பராணியின் விரதத்துக்கு அவ்வளவு சக்தி என்று அவர் கோயிலடியில் பெருமைகூட அடித்திருக்கிறார்.

“எனக்குக் கண் இருட்டுது,” என்றாள் புஸ்பராணி.

அவர் பயந்துபோனார். சத்தியமாவது, பெயராவது. சீமெந்துக் கல் ஒன்றை மதிலடியில் புரட்டிப் போட்டு ஏறினார். காலில் விழச் சொன்னாலும் விழுந்துவிடலாம் என்று இருந்தது.

கூப்பிட வாயைத் திறக்கும்போது, தொழுதுவிட்டு ஆமினா உம்மா பின்வாசலால் வெளியே வந்தாள். மதிலுக்கு மேலால் நின்ற அவரை அவள் கவனிக்கவில்லை. நேரே கிணற்றடிக்குப் போய், மருமகளின் கையிலிருந்த கத்தியை வாங்கினாள்.

“இண்டைக்குச் சனிக்கிழமை, புள்ள. இந்த மாசம் அந்த ஊட்டுச் சோத்தக் காகம் தின்னுமட்டும் நாங்க மீன் கழுவுறல்ல. பதினெட்டு வருசமா இந்த ஊட்டுப் பழக்கம். ஒனக்குச் சொல்ல மறந்திட்டன்.”

மீன் சட்டியை மூடி உள்ளே அனுப்பினாள். கிடந்த குடலை அள்ளிப் புதைத்து, இரண்டு வாளி தண்ணீர் இறைத்து இடத்தைக் கழுவினாள். பிறகு நிமிர்ந்து கைகளைத் தட்டி, தென்னையிலிருந்த காகங்களை இந்தப் பக்கமாக விரட்டினாள்.

தங்கத்துரை கல்லின்மேல் நின்றபடியே குனிந்துகொண்டார்.

தலைக்கு மேலால் ஒன்று பறந்து வந்தது. அணில் விலகி ஓடியது. காகம் இலையில் இரண்டு கொத்துக் கொத்தியது.

புஸ்பராணி கதவைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். அவர் ஓடிப்போய்ச் சோற்றைப் போட்டுக் கையில் கொடுத்தார். நாலு கவளம் உள்ளே போன பிறகுதான் அவள் முகத்துக்குக் களை திரும்பியது.

“பாத்தீங்கதானே, சனீஸ்வரன் கைவிடேல்ல.”

“ஓம்,” என்றார்.

நாலு மாதமாகப் பார்த்துப் பார்த்து வளர்த்த கோபம். இனி அதை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று அவருக்கு எரிச்சலாக வந்தது.