இளவரசர் எய்ரனின் குரல்

முப்பத்தொன்றாம் பக்கத்தைக் காணவில்லை.

நட்சுயோ வசனத்தாள்களை மறுபடி புரட்டினாள். முப்பது. அடுத்தது முப்பத்திரண்டு.

ஒரு வருடமாக, ஞாயிறுதோறும், இந்த ஒலிப்பதிவுக் கூடத்தில் இளவரசர் எய்ரனுக்கு அவள்தான் குரல். ஆண் வாரிசு இல்லாத அரசன் தன் மகளை மகன் என்று ஊரை நம்பவைத்து வளர்க்கும் கார்ட்டூன் தொடர் அது. இன்று கடைசி அத்தியாயம். எய்ரன் தலைக்கவசத்தைக் கழற்றிவிட்டு, சபை நடுவே நின்று, தான் பெண் என்று சொல்லப்போகிறாள்.

அந்த இடம்தான் முப்பத்தொன்றாம் பக்கத்தில் இருந்தாக வேண்டும்.

இயக்குநர் இகுசாவிடம் போய்க் கேட்டாள். அச்சில் விட்டுப்போயிருக்கும், அப்புறம் தருகிறேன் என்றார். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

எய்ரனின் சித்தப்பாவாகப் பேசும் ஒக்காபே, அவள் பக்கத்தில் வந்ததும் தன் தாள்களைச் சட்டென்று மூடினார்.

அப்போதுதான் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெண்ணை நட்சுயோ கவனித்தாள். பத்தொன்பது வயது இருக்கலாம். சாம்பல் நிற ஸ்வெட்டர். மடியில் ஒரு நோட்டு. ஒலிப்பதிவாளர் தானே எழுந்து போய் அவளுக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். இகுசா குனிந்து அவள் காதில் ஏதோ சொன்னார். அவள் தலையாட்டினாள்.

நட்சுயோவுக்குப் புரிந்துவிட்டது.

இருபது வருடமாக அவளுக்குப் பையன் வேடங்கள்தான். கனத்த குரல். ஒருமுறை, அவள் பேசிவந்த சிறுவன் கதையில் வளர்ந்து வாலிபனானான். அவனுக்கு வேறொருவர் பேசிவிட்டார் என்பதை அவள் தன் வீட்டுத் தொலைக்காட்சியில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டாள். அதற்கு முந்தைய பதிவிலும் எல்லோரும் இப்படித்தான் அவள் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள்.

இடைவேளையில் அந்தப் பெண் நடைவழியில், காப்பி இயந்திரத்தின் முன்னால் தனியாக நின்றாள். நட்சுயோ நேராக அவளிடம் போனாள்.

"அந்த ஒரு பக்கத்தை மட்டும் பேச வந்திருக்கியா? இல்ல, அடுத்த தொடரையும் சேர்த்தே குடுத்துட்டாங்களா?"

அந்தப் பெண் காகிதக் கோப்பையை இயந்திரத்தின் மேல் வைத்தாள். "நான் நடிகை இல்லங்க. நர்சிங் படிக்கிறேன். சும்மா கேக்கத்தான் வந்தேன்."

குரல் என்னவோ இளவரசியின் குரல்தான். மெலிசு, சுத்தம். பொய்யையும் இவ்வளவு நன்றாகச் சொல்லக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள் என்று நட்சுயோ நினைத்தாள். சும்மா கேட்க வருகிறவர்கள் நோட்டோடு வருவதில்லை என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பினாள்.

பதிவுக்கான சிவப்பு விளக்கு எரிவதற்கு ஒரு நிமிடம் முன்னால் இகுசா அந்தப் பக்கத்தைக் கொண்டுவந்து அவள் கையிலேயே வைத்தார்.

மூன்றே வரி. மேலே எய்ரன் என்று போட்டிருந்தது. அவள் பெயரும் இருந்தது.

அப்படியானால் இது போட்டி, என்று அவள் முடிவுகட்டினாள். முதலில் நான், பிறகு அவள். எது நன்றாக இருக்கிறதோ அது.

ஒரு மாதமாகக் குளியல் தொட்டியில் உட்கார்ந்து ரகசியமாகப் பழகிவைத்திருந்த பெண் குரலில் பேசினாள். தேன் மாதிரி. பாதியிலேயே இகுசா நிறுத்தினார்.

"இது யாரோ பேசுற மாதிரி இருக்கு, நட்சுயோ. இப்படிப் பழகிட்டு வருவீங்கன்னுதான் பக்கத்தையே ஒளிச்சு வெச்சேன். உங்க குரல்ல சொல்லுங்க."

அவளுக்குக் கோபம் வந்தது. தன் குரலென்று எதைச் சொல்கிறார்? மளிகைக் கடையில் பேசுவதா, வாடகை வீட்டுக்காரியிடம் பேசுவதா? லேசாகக் கரகரத்த, களைத்துப்போன அந்தக் குரலை யார் காசு கொடுத்துக் கேட்பார்கள்?

அவர் கேட்டது இதுதானே என்று அந்தக் குரலிலேயே சொன்னாள்.

"நான் இளவரசன் இல்லை. இத்தனை வருடம் உங்களிடம் மறைத்தேன். இனி என்னை என் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்."

விளக்கு அணைந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை. ஒக்காபே மெல்லத் தலை வணங்கினார்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்தப் பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

வேடம் கை நழுவிப்போனதில் அழுகிறாள் என்று நட்சுயோவுக்குத் தோன்றியது. ஜெயித்தவளுக்குக் கொஞ்சம் இரக்கம் வந்தது. வெளியே வந்து, உனக்கு வயசிருக்கிறது, இதைவிட நல்ல வேடம் கிடைக்கும் என்று தேற்றினாள்.

அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இகுசாவுக்குக் கடிதம் எழுதி, தான் யாரென்பதைப் பதிவு முடியும்வரை சொல்லவேண்டாமென்று கேட்டுக்கொண்டது தான்தான் என்றாள். இல்லாவிட்டால் நட்சுயோ பாதியில் எழுந்து போய்விடுவாளோ என்று பயமாக இருந்ததாம்.

"எய்ரன் குரலை வாராவாரம் கேப்பேன். அதுல உங்களைக் கண்டுபிடிக்கவே முடியல. கடைசியில பேசினீங்களே, அந்தக் குரல்லதான் எனக்குக் கதை படிச்சுத் தூங்க வெப்பீங்க. நான் கொஹாரு."

நட்சுயோ வைத்த பெயர் அது. ஐந்து வருடம் வாய் நிறையக் கூப்பிட்டுவிட்டு, மணமுறிவு ஆன மறுவாரம், நீகத்தா ஊரில், முன்னாள் கணவனின் வீட்டு வாசலில் விட்டுவிட்டு வந்த பெயர்.