நாலு கோடு

அமலனும் அவர் மனைவி ரெஜினாவும் ஓவியர்கள். காகிதமா, கணினித் திரையா என்று கல்யாணமான நாளிலிருந்து சண்டை. அவர் காகிதத்தை விடவே இல்லை. அவளுடைய திரையிலோ நாலு கோடு போட்டால் போதும், மீதியை அதுவே வரைந்து முடித்துவிடும்.

தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் திரையை அனுமதிக்கவில்லை. அமலன் தலையணைக்கு அடியிலிருந்து தாளும் பென்சிலும் எடுத்து நீட்டினார்.

“இன்னும் கொஞ்ச நேரத்துல ஆபரேஷன். திரும்பி வருவேனான்னு தெரியல. என்னை ஒரு தடவை உன் கையால வரைஞ்சு காட்டு, ரெஜி.”

நெற்றிக்கு ஒரு கோடு, மூக்குக்கு ஒன்று, தாடைக்கு இரண்டு. பிறகு கையை எடுத்துவிட்டு, தாளையே பார்த்தபடி காத்திருந்தாள்.

ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது.

“முடிஞ்சுதா? காட்டு,” என்றார் அமலன்.

“கொஞ்சம் இருங்க. மீதி இன்னும் வரல.”