காலி உறை

"எல்லாரும் சட்டையைத் தூக்குங்க."

காவல் குழுத் தலைவர் ராய்ஸ் சொன்னதும் தேவாலய அலுவலகத்தில் நின்ற ஆறு பேரும் தூக்கினார்கள். குழுவில் இருப்பவர்கள் துப்பாக்கியை இடுப்பு உறையில் செருகி, மேலே ஞாயிற்றுக்கிழமைச் சட்டையை இழுத்துவிட்டுக்கொள்வார்கள். டெக்சாஸின் அந்தச் சின்ன ஊரில் பாட்டுக் குழுவுக்குத்தான் ஆள் பஞ்சம், காவலுக்கு இல்லை.

ஐந்து பேர் இடுப்பில் துப்பாக்கி இருந்தது. ஹாலிஸின் இடுப்பில் ஒன்றுமில்லை. அவன் குழுவில் சேர்ந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

மேஜைமேல் ஒரு துப்பாக்கி கிடந்தது. கால் மணி நேரத்துக்கு முன், கழிப்பறையில் காகிதச் சுருள் பெட்டிமேல் இருந்தது. நாலு வயது மகளை உள்ளே கூட்டிப்போன தகப்பன், அவள் கை நீட்டும்போதுதான் பார்த்தான். உள்ளே இருந்த குண்டுகளை ராய்ஸ்தான் கழற்றி வைத்தார். குழுவில் எல்லோரும் ஒரே கடையில் ஒரே ரகம் வாங்கியிருந்ததால், பார்த்ததும் யாருடையது என்று சொல்ல வழியில்லை.

"இனிமே கேக்கறதுக்கு என்ன இருக்கு?" என்றார் ராய்ஸ்.

"என்னுது இல்ல பிரதர். நேத்து முள்கம்பி கிழிச்சு ஆறு தையல். விரலை மடக்க முடியல. இந்தக் கையோட துப்பாக்கி வேணாம்னு வீட்டுலயே பூட்டிட்டு வந்தேன்." ஹாலிஸ் கட்டுப்போட்ட கையைக் காட்டினான்.

"கட்டு கையிலதானே? மறதி தலையில இல்ல வரும்" என்றான் ஒருவன். யாரும் சிரிக்கவில்லை.

ராய்ஸ் மேஜைக்கு மேலே எக்கி, ஹாலிஸின் முகத்துக்கு நேராக விரலை நீட்டினார். "கழட்டி வச்சுட்டு உக்கார்றவன் எந்திரிக்கும்போது எடுக்கணும். அந்தப் பிள்ளை எடுத்திருந்தா நீ யாருக்குப் பதில் சொல்லுவே?"

ஹாலிஸ் கொஞ்ச நேரம் அவரையே பார்த்தான்.

"வீட்டுக்குப் போய் என்னுதைக் கொண்டுவந்து காட்டறேன் பிரதர்."

"போ. வெறுங்கையோட வந்தா, சபை முன்னால உன் பேரைச் சொல்லுவேன்."

மற்றவர்கள் அவரவர் காவல் நிற்கும் வாசலுக்குத் திரும்பினார்கள். துப்பாக்கியை அலமாரியில் பூட்ட, ராய்ஸ் சாவிக்காக இடுப்பில் கைவிட்டார். கை காலி உறையில் பட்டது.

மறுபடி தடவிப் பார்த்தார். காலையில் முதல் ஆளாக வந்து கதவைத் திறந்ததும், கழிப்பறைக்குப் போனதும் நினைவுக்கு வந்தன. பதினோரு வருஷமாகச் சுமந்த பாரம், இல்லாதபோதும் இருப்பதாகவே உடம்பு நம்பியிருக்கிறது.

யாரும் பார்க்கவில்லை. குழுத் தலைவரைச் சட்டையைத் தூக்கச் சொல்ல யாருக்கும் தோன்றாது. ஹாலிஸ் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினாலும், "வீட்ல ரெண்டு வச்சிருப்பான்" என்றால் ஊர் நம்பிவிடும். இப்படியெல்லாம் யோசிக்கிறோமே என்று அவருக்கே கூசியது. ஆனாலும் உட்கார்ந்து யோசித்துக்கொண்டுதான் இருந்தார். உள்ளே பாட்டு முடிந்து பிரசங்கம் ஆரம்பித்தது.

கடைசியில் எழுந்துபோய் அந்தத் தகப்பனை வெளியே அழைத்தார்.

ஹாலிஸ் பூட்டிய பெட்டியோடு வந்தபோது ராய்ஸ் வாசலில் நின்றிருந்தார்.

"பெட்டியைத் திறக்க வேணாம் ஹாலிஸ். கழிப்பறையில கிடந்தது என்னுது. பிள்ளையோட அப்பாகிட்டச் சொல்லிட்டேன், ஷெரீப்புக்கும் போன் பண்ணிட்டேன். இனி குழுவுல நான் இல்ல. ஆராதனை முடிஞ்சதும் சபையிலயும் சொல்லப் போறேன். உன்னைப் பேசினதுக்கு மன்னிச்சுக்கோ."

"உங்களுதுன்னு தெரியும் பிரதர். என்னைத் திட்டக் கையை நீட்டினீங்களே, அப்பவே சட்டை மேலேறி உறை காலியாத் தெரிஞ்சுது."

ராய்ஸின் கை சட்டை ஓரத்துக்குப் போயிற்று. "அப்ப அங்கேயே ஏன் சொல்லல?"

"என் வீடு அஞ்சு நிமிஷத் தூரம்தான் பிரதர். நீங்களாச் சொல்லட்டும்னுதான் வண்டியை ரோட்டோரமா நிறுத்திட்டு முக்கால் மணி நேரம் உக்காந்திருந்தேன்."