லிட்டருக்குப் பதிமூணு

"வண்டி குடிக்கலீங்க. உங்க டிரைவர்தான் டீசலக் குடிக்கறான்" என்றார் பக்கத்து யூனிட்காரர்.

சென்னிமலைக்கு அதை நம்ப மனசு வரவில்லை. நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

நல்லூரில் நாற்பது மெஷின் போட்டு பனியன் தைக்கும் யூனிட் அவருடையது. வாராவாரம் வியாழக்கிழமை டிரைவர் கன்னையன் சாம்பிள் பெட்டிகளை ஏற்றிக்கொண்டு கோயமுத்தூர் போய் வருவார். லிட்டருக்குப் பதினாறு கிலோமீட்டர் ஓடிய டீசல் கார், மூன்று மாதமாக வியாழக்கிழமைகளில் மட்டும் பதிமூன்றுதான் ஓடுகிறது. டவுனுக்குள் சுற்றும் மற்ற நாட்களில் எந்த வித்தியாசமும் இல்லை.

"ஏன் கன்னையா, ஹைவேயில ஏறுனா மைலேஜ் கூடத்தான செய்யோணும்? இங்க கொறையுதே?"

"எதிர்காத்துங்க" என்றார் கன்னையன், தரையைப் பார்த்தபடி.

ஆனி மாதம். பாலக்காட்டுப் பக்கமிருந்து வீசும் காற்று ஆளையே தள்ளுவது நிஜம்தான். ஆனால் போகும்போது எதிர்க்கிற காற்று, திரும்பி வரும்போது பின்னாலிருந்து தள்ளிவிட வேண்டாமா? சாப்பிடும்போதும் சென்னிமலைக்கு இதே யோசனைதான். ஒன்றிரண்டு லிட்டர் டீசல் அவருக்குப் பெரிதில்லை. பத்து வருஷம் கூட இருந்தவன் ஏமாற்றுகிறானா என்பதுதான் உறுத்தியது.

ஒரு வியாழக்கிழமை அவரே காரில் ஏறி உட்கார்ந்தார். கன்னையன் எண்பதைத் தாண்டாமல் ஓட்டினார். திரும்பி வந்து, கிளம்பும்போது நிரப்பிய அதே பெட்ரோல் பங்கில் டேங்க்கை நிரப்பிக் கணக்குப் பார்த்தால், பதினாறு.

அடுத்த வியாழன் கன்னையன் தனியாகப் போனார். பதிமூன்று.

சென்னிமலை டேங்க் மூடிக்குப் பூட்டு வாங்கிப் போட்டு, சாவியைத் தன் பையில் வைத்துக்கொண்டார். அந்த வாரமும் பதிமூன்று.

அவருக்குத் தலை சுற்றியது. திறக்கவே முடியாத டேங்கிலிருந்து டீசல் எப்படிப் போகும்?

காரை மெக்கானிக் செங்கோட்டையனிடம் கொண்டுபோய் விட்டார். அவர் அரை நாள் புரட்டிப் பார்த்தார்.

"டயர்ல காத்து சரியா இருக்குதுங்க. பில்டர் சுத்தம். பிரேக் எங்கயும் புடிக்கல. ஏசி போடறாரா?"

"போடறதில்லையாமா."

"வேகம்? நூத்தத் தாண்டுனா டீசல் கடகடன்னு எறங்குமுங்க."

"முன்ன விட லேட்டாத்தான் வந்து சேர்றான்."

செங்கோட்டையனுக்கும் புரியவில்லை. காரை ஒரு சுற்று சுற்றி வந்தவர், பின் கதவைத் திறந்து மேல் விளிம்பில் விரலை ஓட்டினார்.

"இங்க பாருங்க. கயிறு உரசி பெயிண்ட் போயிருக்குது. கூரை மேல என்னத்தையோ கட்டி எடுத்துட்டுப் போறாருங்க. டவுனுக்குள்ள மெதுவாப் போறப்ப ஒண்ணும் தெரியாது. ஹைவே வேகத்துக்குக் காத்து அதுல போய் மோதுமல்லங்க? அதைத் தள்ளிக்கிட்டுப் போறதுக்குத்தான் அத்தன டீசலும்."

"என்னத்தக் கட்டறான்?"

"அத அவரத்தானுங்க கேக்கோணும்."

சென்னிமலைக்குக் கோபம் வந்தது. கூடவே, புதிர் விடுபட்ட ஒரு நிம்மதியும் வந்தது. அப்படியானால் வாடகை லோடு. என் வண்டி, என் டீசல், வாடகை மட்டும் இவனுக்கு.

அடுத்த வியாழக்கிழமை காலை, கோயமுத்தூர் போகும் அவிநாசி ரோட்டில், அனுப்பர்பாளையம் டீக்கடை ஓரமாக பைக்கை நிறுத்திவிட்டுக் காத்திருந்தார். கார் வந்தது. நேராகப் போகாமல், பாத்திரப் பட்டறையை ஒட்டிய சந்துக்குள் திரும்பியது.

அவர் நடந்தே பின்னால் போனார்.

ஒரு லைன் வீட்டு வாசலில் கார் நின்றிருந்தது. கன்னையன் ஒரு சக்கர நாற்காலியைக் கூரைமேல் தூக்கி வைத்து, கதவுகளின் வழியாகக் கயிறு விட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். டிக்கி நிறைய சாம்பிள் பெட்டிகள்.

"கன்னையா."

கயிற்றைப் பிடித்த கை அப்படியே நின்றது.

கேட்க வேண்டியதையெல்லாம் வழியிலேயே யோசித்து வைத்திருந்தார் சென்னிமலை. வாயைத் திறக்கும்முன் பின்சீட்டில் இருந்த பெண் அவரைப் பார்த்துக் கும்பிட்டாள்.

முத்துப்பேச்சி. அவருடைய யூனிட்டில் டெய்லராக இருந்தவள். துணிக்கட்டோடு மாடிப்படியில் உருண்டு விழுந்து இடுப்புக்குக் கீழே மரத்துப் போனவள். ஏழு மாதம் இருக்கும்.

"மொதலாளி, நீங்களே வந்துட்டீகளா? எந்திரிக்க முடியல, தப்பா நினைச்சுக்கிடாதீக" என்றாள். "அன்னைக்கு ஆஸ்பத்திரியில அம்புட்டுப் பேரு முன்னாடி, ஒன்ன நடக்க வைக்கிறது என் பொறுப்புன்னு சொன்னீக. எல்லாரும் சொல்றதுதானன்னு நானும் விட்டுட்டேன். இப்படி வாராவாரம் காரு அனுப்பிக் கோயமுத்தூருக்கு நடைப் பயிற்சிக்கு அனுப்புவீகன்னு நினைக்கவே இல்ல. நேத்து செவத்தப் புடிச்சிக்கிட்டு நாலு எட்டு வச்சேன், மொதலாளி."

சொன்னது அவருக்கு ஞாபகம் இருந்தது. ஆஸ்பத்திரி கேட்டைத் தாண்டியதும் அதை மறந்துபோனதும் இப்போதுதான் ஞாபகம் வந்தது.

"நல்லதும்மா... நல்லது" என்றார்.

கன்னையனைச் சுவரோரமாகத் தள்ளிக் கூட்டிப் போனார்.

"எம்பேரச் சொல்லி அந்தப் புள்ளைகிட்ட எதுக்குக் கன்னையா பொய் சொன்ன?"

"பொய் சொல்லலீங்க" என்றார் கன்னையன் மெதுவாக. "அன்னைக்கு நீங்க சொன்னதத்தானுங்க சொன்னேன்."