கதிர் நின்ற இடம்

சிறுநீர்ப்பையில் புற்றுநோய் வந்த தேவசகாயம், கதிர் சிகிச்சை அறைக்குள் தனியாகப் படுத்திருந்தார். பை ஒரு மயிரிழை அசைந்தாலும் கதிர் தானாக நின்றுவிடும். பயத்தில் வயிறு இறுகினால் பையும் அசையுமாம். அதனால் நோயாளிக்கு வேண்டியவர் ஒருவர் வெளியிலிருந்து மைக்கில் பேசிக்கொண்டே இருப்பது அங்கே வழக்கம்.

மனைவி எப்சிபாவைவிட வேண்டியவர் யார்?

“என்னங்க, பயப்படாதீங்க. நான் இங்கதான் இருக்கேன்.”

கதிர் நின்றது.

“தண்ணி சொன்ன அளவுதான் குடிச்சீங்களா? என்னைக்கு சொன்னதக் கேட்டிருக்கீங்க நீங்க!”

மறுபடியும் நின்றது.

“என்ன மெஷின் வாங்கி வச்சிருக்கீங்க?” என்று ஆபரேட்டர் பெண்ணிடம் எரிந்து விழுந்தாள்.

அந்தப் பெண் திரையைப் பார்த்துத் தயங்கினாள். “மெஷின் நல்லாத்தான் இருக்கு ஆன்ட்டி. நீங்க பேசும்போதுதான் அங்கிளுக்கு அடிவயிறு இறுகுது. கொஞ்சம் பேசாம இருந்து பாருங்களேன்.”

எப்சிபா மைக்கை மெல்லக் கீழே வைத்தாள். அதன்பிறகு கதிர் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடி முடிந்தது.

கதவு திறந்தது. வெளியே வந்த தேவசகாயம், அவள் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

“நான் ஒண்ணும் பண்ணல எப்சி,” என்றார் அவசரமாக. “சத்தியமா, அசையவே இல்ல.”